அக்கா போட்டிருந்தால் என்னுடையதை விட்டுவிடவும்

பதவி உயர்வுக்கு விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று என்னைப் போய்க் கேட்கிறார்கள். சிரிப்புத்தான் வருகிறது. எங்கள் பம்ப் கம்பெனியில் என் அளவுக்கு மோசமாக விண்ணப்பம் எழுதிய ஆள் இன்னும் ஒருவர்தான் இருந்தார். அவர் என்னோடு அதே பதவிக்கு எழுதியவர்.

கேட்டது சத்யா. நான் வேலையில் இருந்த கடைசி வருடங்களில் வைண்டிங் பிரிவில் சேர்ந்த பெண். போன வாரம் வாட்ஸப்பில் அவள் குரல் வந்தது. "அக்கா, இப்பெல்லாம் லெட்டரே கெடையாதுங்க்கா. போன்லயே ஒரு ஆப் குடுத்திருக்கறாங்க. அதுல 'உங்கள் பலம் என்ன'ன்னு ஒரு கட்டம் இருக்குது. என்னத்தங்க்கா எழுதறது? நம்மளப் பத்தி நாமளே எப்படீங்க்கா சொல்லிக்கறது?"

கடைசிக் கேள்வியில் ஆள் மாட்டிக்கொண்டாள். அதே கேள்வியில்தான் நானும் ஒரு காலத்தில் மாட்டிக்கொண்டு முழித்தேன். பதில் குரல் செய்தியில் அடங்காது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். பத்தாவது முடித்தேன், கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள், வீட்டுக்காரரின் லோடு ஆட்டோ வருமானம் பற்றவில்லை. ஈச்சனாரிப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் பெண்களை எடுக்கிறார்கள் என்றார்கள், போனேன். ஆரம்பத்தில் தினமும் திட்டு வாங்கினேன், அப்புறம் திட்டுவது நின்றது. பயிற்சிக் காலம் என்றால் அவ்வளவுதான்.

வைண்டிங் என்பது என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மோட்டாருக்குள் ஸ்டேட்டர் என்று ஓர் இரும்பு உருளை இருக்கும். அதன் உள்பக்கம் சுற்றிலும் காடி காடியாக வெட்டியிருக்கும். ஒவ்வொரு காடிக்குள்ளும் காகிதத்தை மடித்து வைத்து, செம்புக் கம்பியை இறக்கி, கட்டைவிரலால் அழுத்தி, குச்சியால் தட்டி உட்கார வைக்க வேண்டும். கம்பியின் மேல் நகம் பட்டுக் கீறினால் போச்சு. மோட்டார் போர்வெல்லுக்குள் போய் எரியும், தோட்டத்துக்காரர் நம் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். மெஷின் எத்தனை வந்தாலும் கடைசியில் கம்பியை உட்கார வைப்பது கட்டைவிரல்தான்.

எனக்கு முன்னால் சேர்ந்தவர் ருக்குமணி அக்கா. கிணத்துக்கடவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். நல்ல வேலைக்காரி, நல்ல வாய்க்காரியும்கூட. ஆனால் என்னை மட்டும் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, எப்போதும் 'கண்ணு'தான். மதியச் சோற்றை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் பிரிப்போம்.

எங்கள் பிரிவுக்கு முதல் முறை சூப்பர்வைசர் பதவி காலியானபோது, உள்ளே இருப்பவர்களே விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். தகுதி உள்ளவர்கள் மூன்று பேர்: அக்கா, நான், சாந்தாமணி என்று இன்னொருவர். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவர் இருக்கும்போது இளையவர் முந்திக்கொள்ளக் கூடாது. ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். நான் அக்காவிடம், "நீங்கதானுங்க்கா போடோணும்" என்றேன். அவர் சாந்தாமணியிடம், "நீ போடு சாந்தா, எனக்கு எதுக்கு" என்றார். சாந்தாமணி என்னிடம் வந்து, "நீங்க போடுங்க, நீங்கதான் பத்தாவது படிச்சிருக்கறீங்க" என்றார். கடைசித் தேதியும் முடிந்தது. ஒருவர்கூடப் போடவில்லை.

"யாருக்கும் வேண்டாமாட்டத் தெரியுது" என்று மேலே முடிவு செய்து, பெருந்துறையில் ஏதோ ஒரு கம்பெனியில் இருந்த தினேஷ் என்ற பையனைக் கொண்டுவந்து எங்கள் தலையில் உட்கார வைத்தார்கள். பையன் கெட்டவன் என்று சொல்லமாட்டேன். ஆனால் பெண்கள் இருக்கும் பிரிவில், பாத்ரூம் போவதற்கும் அவனிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டான். என் தம்பி வயசுகூட இருக்காது.

அவன் காலத்தில்தான் என் கட்டைவிரல் தகராறு செய்ய ஆரம்பித்தது. வலது கை. மடக்கினால் மடங்கும், நிமிராது. இடது கையால் பிடித்து இழுத்தால் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நிமிரும். காலையில் எழுந்தால் காப்பி டம்ளரைப் பிடிக்க முடியாது. டாக்டர் ஊசி போட்டார். "இது தொழிலால வர்றதும்மா. கம்பியை விட்டாத்தான் இது உங்களை விடும்" என்றார்.

கம்பியை விட்டால் சோறு? எங்கள் பிரிவில் பார்வதி என்று ஒருத்தி இருந்தாள். மணிக்கட்டு வலிக்கிறது என்று தினேஷிடம் போய் நிஜத்தைச் சொன்னாள். "முடியலைன்னா ஊட்ல இருந்து ரெஸ்ட் எடுங்கம்மா" என்று ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னான். அதற்கப்புறம் அவளைக் கூப்பிடவே இல்லை. என் மகள் அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பேனா? விரல் மாட்டிக்கொண்டால் ஓவர்கோட்டுக்குள் கையை விட்டு இழுத்துவிடுவேன். 'டக்' சத்தம் கேட்காமல் இருக்க ஒரு இருமல் இருமுவேன். எனக்குக் காசநோய் என்றுகூட ஒரு பேச்சு கிளம்பியது.

அப்படி இருக்கையில் தினேஷ் வேறு வேலை கிடைத்துப் போனான். பதவி மறுபடி காலி. மறுபடி அறிவிப்பு. சாந்தாமணி இந்தத் தடவையும் தனக்கு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்.

சூப்பர்வைசர் கம்பியைத் தொட வேண்டியதில்லை. பார்க்க வேண்டும், சரிபார்க்க வேண்டும், ஆட்களைப் பிரித்து விட வேண்டும். அந்த நாற்காலி கிடைத்தால் என் வேலை தப்பிக்கும். கிடைக்காவிட்டால், விரல் என்றைக்கு முழுசாக நிற்கிறதோ அன்றைக்கு நானும் பார்வதி மாதிரி வீட்டுக்கு. எனக்கு அது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

ஆனாலும் அக்காவைக் கேட்காமல் எப்படிப் போடுவது? ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழமும் முழம் பூவும் வாங்கிக்கொண்டு பொள்ளாச்சி பஸ் ஏறிக் கிணத்துக்கடவில் இறங்கினேன். அக்கா வீட்டில் காப்பி குடித்தேன். மழை பெய்யாததைப் பற்றிப் பேசினேன். தேங்காய் விலையைப் பற்றிப் பேசினேன். கிளம்பும்போது வாசலில் நின்றுகொண்டு, ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்தது போலக் கேட்டேன்.

"அக்கா, அந்த சூப்பர்வைசர் வேலைக்கு நீங்க போடறீங்கதானுங்க?"

"நானா? நீ போடு கண்ணு. எனக்கென்னத்துக்கு."

"அட, நீங்க இருக்கறப்ப நான் போடறதுங்களா?"

"அதெல்லாம் பாக்காத. போடு."

இதில் என்ன சிக்கல் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கள் பக்கம் சாப்பிடக் கூப்பிட்டால் முதலில் 'வேண்டாங்க' என்போம். அடுத்த தடவை 'இப்பத்தானுங்க சாப்பிட்டேன்' என்போம். மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் கை கழுவப் போவோம். நான் அக்காவிடம் இரண்டு தடவைதான் கேட்டிருந்தேன். அவர் 'எனக்கென்னத்துக்கு' என்றது நிஜமா, மரியாதைக்கா? மூன்றாவது தடவை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்டு, 'சரி, நானே போடறேன்' என்று சொல்லிவிட்டால்? பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

விண்ணப்பம் எழுத ஒரு வாரம் ஆனது. மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம் என்று ஆரம்பித்துக் கம்பெனியின் பெருமையை ஒரு பத்தி எழுதினேன். 'எனக்குத் தெரிந்தது சொற்பமே ஆயினும்' என்று ஒரு வரி. நான் தனியாகக் கண்டுபிடித்துச் சரிசெய்த குறைகளைக்கூட 'நாங்கள் அனைவரும் சேர்ந்து' என்றுதான் எழுதினேன். கடைசியில் இப்படி முடித்தேன்: 'ருக்குமணி அக்கா அவர்கள் இப்பொறுப்புக்கு விண்ணப்பித்திருந்தால் எனது விண்ணப்பத்தைத் தாங்கள் பொருட்படுத்தாமல் விட்டுவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

இந்த வரியை எழுதியதும் மனசு லேசானது. பதவியும் கேட்டாயிற்று, மரியாதையும் காப்பாற்றியாயிற்று. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "இது விண்ணப்பமா, கலியாணப் பத்திரிகையா? அவங்க பேருதான் பெருசா இருக்குது" என்றார். லோடு ஆட்டோ ஓட்டுபவருக்கு ஆபீஸ் விவகாரம் என்ன தெரியும் என்று பிடுங்கிக்கொண்டேன்.

எங்கள் பர்சனல் மேனேஜர் வரதராஜன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரிடம் வாயால் எதுவும் சொல்ல முடியாது. ஃபேன் ஓடவில்லை என்றாலும் "எழுதிக் குடுங்க அம்மணி" என்பார். கொடுத்த காகிதத்தை உட்கார்ந்து படிக்க மாட்டார். எழுந்து ஜன்னலோரம் போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காகிதத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், உதடு அசைய அசைய முழுசாகப் படிப்பார். படித்து முடிக்கும்வரை யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். பிறகு பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் சக்கரம், பழையது ஒன்றை அதன் மேல் பாரமாக வைப்பார். வைத்துவிட்டால் ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். சட்டையே கசங்காத மனுஷர். யாரையும் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை.

கடைசித் தேதிக்கு மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார். போனால், அறைக்குள் ருக்குமணி அக்கா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேசை மேல் இரண்டு காகிதங்கள். இரண்டின் மேலும் இம்பெல்லர் இல்லை.

சார் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். "இது கலாமணி எழுதுனது" என்று என் கடைசி வரியை மட்டும் சத்தமாகப் படித்தார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இது ருக்குமணி எழுதுனது" என்று அடுத்ததை எடுத்தார். 'கலாமணி என்னைவிடப் படித்தவர். மகளைப் படிக்க வைக்கிறவர். அவர் விண்ணப்பம் கொடுத்திருந்தால் என்னுடையதைத் தள்ளி வைத்துவிடக் கேட்டுக்கொள்கிறேன்.'

சார் கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டினார். "இப்ப நான் என்னங்க பண்ணறது? இவங்க போட்டா அவங்கள்து வேண்டாமாம். அவங்க போட்டா இவங்கள்து வேண்டாமாம். ரெண்டு பேரும் போட்டுட்டீங்க. அப்ப ரெண்டும் வேண்டாம். போன தடவை யாருமே போடலை. இந்தத் தடவை ரெண்டு பேரு போட்டும் யாரும் போடலை. முதலாளிகிட்ட அப்படியே எழுதிக் குடுத்துடட்டுங்களா? மறுபடி வெளிய இருந்து ஒரு ஆளைக் கொண்டாருவாங்க. உங்களுக்குச் சந்தோசமுங்களா?"

இரண்டு காகிதங்களையும் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார்.

"ஒரே வார்த்தை கேக்கறேன். வேணுமுங்களா, வேண்டாமுங்களா?"

'வேணும்' என்பது எவ்வளவு சின்ன வார்த்தை! அதைச் சொல்லித்தான் எனக்குப் பழக்கமில்லை. அக்காவும் முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நாற்காலியின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தேன் போல. விரல் மாட்டிக்கொண்டது. பழக்க தோஷத்தில் இடது கையால் இழுத்தேன். அந்த அறையில் 'டக்' என்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. இருமவும் மறந்துபோனேன்.

"என்ன கண்ணு அது?" என்றார் அக்கா.

"ஒண்ணுமில்லீங்க்கா."

"கையக் காட்டு."

காட்டினேன். அவரே என் விரலை மடக்கிப் பார்த்தார். நிமிரவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது, அவரும் அதே வேலை செய்கிறவர்தானே. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எனக்கு வேணுமுங்க்கா. நெசமாலுமே வேணும். கை போச்சுங்க்கா. இனி என்னால கம்பி போட முடியாது" என்று கொட்டிவிட்டேன். சொன்ன பிறகுதான் மேனேஜர் முன்னால் சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது. அவ்வளவுதான், நம் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அக்காவுக்குக் கோபம் வந்தது. "ஏன் கண்ணு, ஞாயித்துக்கெழமை அத்தனை தூரம் வந்தயே, இதச் சொன்னியா? வாழப்பழத்தக் குடுத்துட்டு மழை பேயலீங்க்கா, தேங்கா விக்கலீங்க்கான்னு பேசிப்போட்டுப் போனயே!"

"நீங்க வேண்டாம்னு சொன்னதை நம்பறதா, என்னன்னே தெரியலீங்க்கா."

"அதுதான் பொய்யி" என்றார் அக்கா பட்டென்று. சாரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். "எனக்கும் வேணுமுங்க சார். சின்னப் பையன்கிட்டப் போயி பாத்ரூமுக்குக் கேட்டுக் கேட்டு இத்தன வருசம் நின்னனுங்க. அந்தச் சட்டத்தை எடுக்கோணும். பொம்பளைக இருக்கற எடத்துக்குப் பொம்பளதான் வரோணும். அது நானா இருக்கோணும்னு எனக்கு ஆசைங்க. இவளுக்குக் கை போச்சுன்னு தெரிஞ்சும் சொல்றன், எனக்கு ஆசைதான்."

எனக்கு அந்தப் பேச்சு சுருக்கென்று குத்தியது. அதே சமயம், சொன்னால் நம்பமாட்டீர்கள், பெரிய நிம்மதியாகவும் இருந்தது. எத்தனை வருடப் பழக்கத்தில் அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் மனசில் இருப்பதைப் பேசினோம்.

வரதராஜன் சார் இரண்டு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார். "இதத்தானுங்க நான் காயிதத்துல எதிர்பார்த்தேன். ஆளுக்கொரு மேசையில உக்காந்து எழுதுங்க. ஒருத்தர் பேரை இன்னொருத்தர் எழுதக்கூடாது."

"கையைப் பத்தியும் எழுதோணுங்களா சார்?" என்று கேட்டேன்.

"அது உங்க இஷ்டமுங்க. ஆனா என் காதுல விழுந்தாச்சு."

அந்தப் பதிலில் ஆறுதலும் இல்லை, மிரட்டலும் இல்லை. வருவது வரட்டும் என்று எழுதினேன். சத்யா, உன் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது, கவனி. முதல் வரியே 'எனக்கு இந்தப் பொறுப்பு வேண்டும்' என்று எழுதினேன். அப்புறம், மழைக்காலத்தில் மோட்டார்கள் அதிகம் எரிந்து திரும்பி வந்தபோது, காடிக் காகிதம் சுவரோரம் ஈரம் இழுப்பதைக் கவனித்து அடுக்கை இடம் மாற்றியது நான் என்று எழுதினேன். நாங்கள் இல்லை, நான். விரலைப் பற்றியும் எழுதினேன். சார் ஜன்னலோரம் நின்று இரண்டையும் படித்தார். இரண்டின் மேலும் இம்பெல்லரை வைத்தார்.

இரண்டு நாள் கழித்து எங்களைத் தனித்தனியாக உள்ளே கூப்பிட்டார்கள். சாரும் தொழிற்சாலைப் பொறியாளர் ஒருவரும் இருந்தார்கள். 'பொறுப்பு கிடைத்தால் முதல் வேலையாக என்ன செய்வீர்கள்' என்று கேட்டார்கள். கம்பி விரயத்தைக் குறைப்பேன் என்றேன். தலையாட்டினார்கள். அக்கா என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க மதியச் சோற்றை வழக்கம் போலச் சேர்ந்தேதான் சாப்பிட்டோம். ஆனால் பேச்சு கம்மி.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் பலகையில் ஒட்டினார்கள். ருக்குமணி.

வயிறு எரிந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது? நல்லாத்தான் செய்வார், நியாயமாகத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று புத்தி சொன்னது. வயிறு அதைக் கேட்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்து, "சந்தோசமுங்க்கா" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் மற்ற பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். நான் பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

வீட்டில் சொன்னேன். "திங்கக்கெழம போயி நானே நின்னுக்கறேன்னு சொல்லிட்டு வந்தர்றேன். அவங்க சொல்லி நான் போறதவிட அது மேலு" என்றேன். வீட்டுக்காரர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "பாப்பா படிப்ப நான் பாத்துக்கறேன்" என்றார். எப்படிப் பார்ப்பார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

திங்கட்கிழமை காலையில் போனேன். அக்காவை இன்னும் காணோம். கால் தானாக என் இடத்துக்குப் போய்விட்டது. உட்கார்ந்தேன், காகிதத்தை மடித்து வைத்தேன், கம்பியை எடுத்தேன். முதல் காடியிலேயே விரல் மாட்டிக்கொண்டது. இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே அக்கா சூப்பர்வைசரின் நீல ஓவர்கோட்டில் நிற்கிறார்.

"கலாமணி."

எனக்குப் பகீரென்றது. கண்ணு போய்க் கலாமணி ஆகிவிட்டேன். சொல்ல வந்ததை முந்திச் சொல்லிவிடலாம் என்று, "அக்கா, நானே உங்ககிட்டச் சொல்லோணும்னுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"மொதல்ல எந்திரி."

"ஏனுங்க்கா?"

"எந்திரின்னா எந்திரி. கம்பியக் கீழ வெய்யி. இனி நீ அதத் தொடக்கூடாது. இன்னைலிருந்து உனக்கு டெஸ்டிங் பெஞ்சு. ஒயர மாட்டறது, மீட்டரப் பாக்கறது, அவ்வளவுதான். வெரலு வேண்டாம், கண்ணு இருந்தாப் போதும். சார்கிட்டக் கையெழுத்து வாங்கிப்போட்டேன். வெள்ளிக்கெழமையே சொல்லலாம்னு பாத்தா, நீ ஓடிப்போயி பஸ்ஸுல உக்காந்துட்டே."

நான் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே பார்த்தேன்.

"என்ன பாக்கற? கை முடியலைன்னா ஊட்டுக்குப் போன்னு சொல்ல நான் என்ன தினேஷா? மொத வேலையா என்ன பண்ணுவீங்கன்னு உள்ள கேட்டாங்கல்ல, இதைத்தான் பண்ணுவேன்னு சொன்னேன். பாத்ரூம் சட்டத்தை ரெண்டாவதா வெச்சுக்கிட்டேன். எந்திரி, சோலி கெடக்குது."

கம்பியைக் கீழே வைத்தேன். எழுந்தேன். "அப்பாடா" என்று எனக்கே தெரியாமல் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பிரிவு மொத்தமும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.